பழைய வண்டிச் சாமானைப் பெயின்ட்டுக்குக் கொடுக்கறவங்க ஒரு தடவை படிச்சிருங்க

பழைய பியட், அம்பாசடர், ஹெரால்டு வைத்திருக்கும் நம்ம கொங்குப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஜின் வேலையில் ஏமாந்தால் காசோடு போகும். மறுபடி பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். சாமான்களின் மேல்பூச்சில் ஏமாந்தால், வண்டி முதலில் எப்படி இருந்தது என்ற சாட்சியே அழிந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

வண்டி எங்க அப்பாரு வாங்கியது. 1967 மாடல் பியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி கட்டியது. பின்னாளில் பத்மினி என்று பேர் மாறி ஓடியதும் இதே வண்டிதான். கோபி பக்கம் எங்க தோட்டத்துச் சாளையில் பதினாறு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பாடி வேலையை உள்ளூர் டிங்கர் ஒருத்தர் நிதானமாக, சுத்தமாக முடித்துக் கொடுத்தார். இன்ஜின் ரூம் சாமான், அடிப்பக்கத்துச் சாமான் எல்லாம் மட்டும் கழற்றி மூன்று சாக்கில் கட்டி, பழைய வண்டிகளுக்கென்றே போர்டு வைத்திருந்த கோவைப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன்.

"கம்பெனில எப்படி வந்துச்சோ அப்படியே ஒரிஜினல் பினிஷ் பண்ணித் தந்தர்றனுங் தம்பி. நீங்க ஒண்ணும் ரோசன பண்ணாதீங்" என்றார் ஓனர். 62,000 ரூபாய் பேசி, 40,000 முன்பணம் கொடுத்தேன். டைரியில் கிழித்த தாளில் "பியட் சாமான், ஒரிஜினல் பினிஷ்" என்று எழுதித் தந்தார். தேதி இல்லை, பட்டறை பேர் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஏழு வாரம் கழித்துப் போனால் மேசை நிறையப் பரப்பி வைத்திருந்தார். இரும்பு என்று இருந்ததெல்லாம் ஒரே கறுப்பு பவுடர் கோட்டிங், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அலுமினியம் எல்லாம் சில்வர் பெயின்ட். போல்ட், கிளிப், ஸ்பிரிங் எல்லாம் வெள்ளை ஜிங்க் பிளேட்டிங்.

கறுப்பு என்றால் ஒரே கறுப்பு கிடையாதுங்க. சாமானைக் கழற்றும்போதே நான் கவனித்து வைத்திருந்தேன். பேட்டரி தட்டில் இருந்தது நல்ல மினுமினுப்பான கறுப்பு. அடிப்பக்கத்து பிராக்கெட்டுகளில் பாதி மினுமினுப்பு. சில கொக்கிகளில் பெயின்ட்டே கிடையாது. பாஸ்பேட் முக்கி எண்ணெய் தடவிய சாம்பல் கலந்த கறுப்பு, விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். போல்ட் தலைக்கு அடியில், வாஷர் மறைத்திருந்த இடத்தில் மட்டும் மங்கலான மஞ்சள் பிளேட்டிங் அப்படியே இருந்தது. டிபரன்ஷியல் ஹவுசிங்கின் மேல் கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பட்டைக் கோடு தெரிந்தது. குர்லாவில் யாரோ ஒருத்தர் சரிபார்த்துவிட்டுப் பிரஷ்ஷால் இழுத்த கோடு. ஐம்பது வருஷத்துக்கு மேல் கிரீஸுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. செல்லில் ஒரே ஒரு போட்டோ எடுத்தேன், அதுவும் ஆட்டம். அந்தக் கோடு சேண்ட் பிளாஸ்டிங்கில், அதாவது மணலைப் பீய்ச்சிச் சுரண்டுவதில், அரை நிமிஷத்தில் போயிருக்கும். அதை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது.

"ஏனுங்கண்ணா, நான் கேட்டது இது இல்லீங்களே" என்றேன். "இந்தக் காலத்துல யாருங் தம்பி மஞ்சக் கலர் போல்ட்டு கேக்கறாங்க? இதுதான் லுக்கு. மிச்சம் 22,000 வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். சாமான் அவர் கையில். கொடுத்துவிட்டு வந்தேன்.

பவுடர் கோட்டிங்கை நான் குறை சொல்லவில்லை. பம்ப் செட்டும் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற ஊரில் அது அருமையான பூச்சு. ஆனால் பிளேட்டிங் 10 மைக்ரான் அளவில் நிற்கிற இடத்தில் இது 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். மரை ஓட்டைகளை மூடாமலே அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மரை வெட்டுகிற டேப் போட்டுத் திறக்க வேண்டியதாயிற்று. எர்த் பட்டை உட்காரும் இடத்திலும் பூச்சு இருந்ததால் செல்ஃப் எடுக்கவே இல்லை. எந்தெந்த இடம் வெறும் உலோகமாக இருக்க வேண்டும் என்று தேடித் தேடிச் சுரண்டினோம். சோலக்ஸ் கார்புரேட்டரைப் பிரிக்காமலே மணல் அடித்து சில்வர் பூசியிருந்தார்கள். பெட்ரோல் போகிற ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியவில்லை. மெல்லிய செம்புக் கம்பியால் குத்தியதும் ஒரு மணல் துகள் உள்ளங்கையில் விழுந்தது, கடுகில் கால்வாசி கூட இருக்காது.

எல்லாவற்றையும் விட மோசம் ஸ்பிரிங்தான். வண்டியை மாட்டி ஓட்டிய மூன்றாவது நாள், அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து சத்தி ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். புளியம்பட்டி தாண்டியதும் காலை எடுத்தேன், ஆக்சிலேட்டர் திரும்பவில்லை. இன்ஜின் அலறுகிறது, முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். கிளட்சை மிதித்து, சாவியை அணைத்து ஓரமாக நிறுத்தினேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, முன் சீட்டைப் பிடித்த கை மட்டும் விடவே இல்லை. பானெட்டைத் திறந்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் புத்தம் புதுசு போல மின்னிக்கொண்டு இரண்டு துண்டாகக் கிடந்தது.

அந்தத் துண்டுகளை கோவை கணபதியில் பிளேட்டிங் வேலையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். பிளேட்டிங்குக்கு முன் ஆசிட்டில் முக்கும்போதும், பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும் என்றார். சில மணி நேரத்துக்குள் ஓவனில் 200 டிகிரி சுற்றி நாலு மணி நேரமாவது சுட்டால்தான் அது வெளியேறும். சுடாமல் விட்டால் பார்க்க நன்றாகவே இருக்கும்; இழுவிசையில் நிற்கும்போது ஒரு மணி நேரத்திலோ ஒரு வாரத்திலோ சொல்லாமல் ஒடியும். ஸ்பிரிங், சர்க்ளிப், ஹை டென்சில் போல்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தயவுசெய்து இவற்றை மற்ற சாமானோடு ஒரே கூடையில் பிளேட்டிங்குக்குப் போட விடாதீர்கள். பழைய ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து கறுப்பு அடித்தாலே போதும்.

வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்றார். பில் எங்கே என்றார். அந்த டைரித் தாளைக் காட்டினேன். இதை வைத்து நிற்பது கஷ்டம் என்றுவிட்டார்.

நீங்கள் கொடுக்கும்போது "ஒரிஜினல்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். ஒவ்வொரு சாமானிலும் தகரச் சீட்டு கட்டி, எது பெயின்ட், எது பிளேட்டிங், எது வெறும் உலோகம் என்று எழுதி, அதன் நகலில் பட்டறைக்காரரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கறுப்பு என்றால் கிளாஸ், அதாவது பளபளப்பு அளவு, எத்தனை என்று சேர்த்து எழுதுங்கள். பெயின்ட் கடைக்காரருக்கு 30, 60 என்றால் புரியும். மஞ்சள் பிளேட்டிங்கில் இப்போது பல இடங்களில் வருவது புது ரசாயனம், பழைய வானவில் மினுக்கு அவ்வளவு வராது. முதலில் இரண்டு போல்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு சாமானையாவது கழுவாமல், துடைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

போன வாரம் சாளையை ஒதுக்கும்போது பரண் மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. அப்பாரு எப்பவோ கழற்றிப் போட்ட நாலு ஸ்குரூ, ஒரு கிளிப். மஞ்சள் பிளேட்டிங் பாதி மிச்சம் இருக்கிறது. என் வண்டியில் அசலாக மிஞ்சியது இவ்வளவுதான். இதை வைத்து போல்ட் நிறத்தைப் பிடித்துவிடலாம் என்கிறார் கணபதிப் பெரியவர். பிராக்கெட் கறுப்புகளுக்குத்தான் மாதிரி இல்லை. கோபி, பவானி, ஈரோடு, பொள்ளாச்சி, எந்தப் பக்கமானாலும் சரி, யார் வீட்டிலாவது இன்னும் பிரிக்காத டிலைட் நின்றால் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். எதையும் கழற்ற மாட்டேன், துடைக்கவும் மாட்டேன்.