சிக்னலோடு ஐந்து ஆண்டுகள்

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் என்ற செய்திச் செயலி வந்தது 2021 ஜனவரியில். வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்திருந்த நேரம். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து மென்பொருள் எழுதுகிறவன். அக்கா ரொறன்ரோவில், சித்தப்பா பாரிஸில். குடும்பக் கதை முழுக்கப் போனுக்குள்ளால்தான் போய்வருகிறது. எல்லாரையும் மாறச் சொன்னேன்.

"வாட்ஸ்அப்பிலதானே தம்பி எல்லாரும் இருக்கினம், உதென்ன புதுசா?" என்று அம்மா கேட்டா.

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பும் 2016 முதல் சிக்னலின் குறியாக்க நெறிமுறையைத்தான், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் முறையைத்தான், பாவிக்கிறது. கடிதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டிலும் தபால்காரருக்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை எழுதினார்கள் என்பது உறையின் மேலேயே இருக்கிறதே! 2016-இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற அழைப்பாணை வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விபரம்: கணக்குத் திறந்த நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றதெல்லாம் அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. இதைச் சொன்னதும் அம்மா மறுபேச்சில்லாமல் போனை நீட்டினா. யாரோடு கதைத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்தவா அவ.

வேலையிடத்தில் விவாதம் வேறு மாதிரி. சிக்னலின் குறியாக்க மையமான லிப்சிக்னல் என்ற நிரல்தொகுப்பு ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஜாவா, ஸ்விஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய வேறு நிரல்மொழிகள் வழியாக ஒவ்வொரு செயலியும் அதை அழைக்கிறது. சி++ என்ற பழைய நிரல்மொழியில் எழுதியே பழகிய நண்பர் ஒருவர், "ஒழுங்காக எழுதத் தெரிந்தவனுக்கு ரஸ்ட் எதற்கு?" என்பார். எத்தனை மாலைத் தேநீர் இந்தக் கதையிலேயே ஆறிப்போனது! நான் ரஸ்ட் பக்கம். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய செய்தியை, நான் தொடுவதற்கு முன்னரே என் போன் பிரித்துப் படிக்கிறது. அந்த இடத்தில் நினைவக எல்லையைத் தாண்டும் ஒரு பிழை போதும், கதவு திறந்துவிடும். சி++ அதை எழுதுகிறவர் கவனத்துக்கே விட்டுவிடும், ரஸ்ட் பெரும்பாலும் தானே தடுக்கும். கூகிள் குரோம் உலாவிக்கு அடிப்படையான, பெரும்பாலும் சி++ஸில் எழுதப்பட்ட குரோமியம் திட்டத்தின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 வீதம் நினைவகம் சார்ந்தவை என்று 2020-இல் அவர்களே சொன்னார்கள். அங்கே எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுதத் தெரியாதவர்களா என்ன?

ஆனால் நண்பர் கடைசியில் ஒன்று சொன்னார், அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சிக்னலின் கணினிச் செயலி, செய்திகளைப் பூட்டும் சாவியை அதே கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே வைத்திருந்தது. 2018-இலேயே சுட்டிக்காட்டப்பட்டும் 2024-இல்தான் திருத்தினார்கள். நிரலை இயந்திரத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் எந்த மொழியினதாக இருந்தாலும் இதைப் பிடித்திருக்காது. அதேபோல, 2020 ஏப்ரலுக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு சிக்னலின் வழங்கியில் (சேர்வரில்) ஓடும் நிரல் பொதுவெளியில் புதுப்பிக்கப்படவில்லை. திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், என்று நம்பி வந்த எனக்கு அது உண்மையிலேயே வலித்தது. இரண்டையும் வெளியில் இருந்தவர்கள் கண்டுபிடித்துக் கேட்க முடிந்தது என்பதால்தான் நான் இன்னும் இருக்கிறேன். மூடிய செயலியில் கேட்பதற்கே இடமில்லை.

அப்புறம் 2023-இல் நடந்தது. கிணற்றுக்கட்டில் வைத்த போன் வாளிக் கயிறு தட்டி உள்ளே விழுந்தது. 2022-இல் பெற்றோல் இல்லாமல் பருத்தித்துறைக்குப் போக முடியாத மாதங்களில் அம்மம்மா எனக்குக் குரல்செய்திதான் அனுப்புவா. சாப்பிட்டியா, மழையா, முருங்கை காய்ச்சிருக்கு. அந்த வருடக் கடைசியில் அவ போய்விட்டா. குரல் எல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. ஆண்ட்ராய்டில் 30 இலக்கச் சாவியோடு செய்திகளுக்குக் காப்பு (பேக்கப் பிரதி) எடுக்கும் வசதி இருந்தது. நான் அதைப் போட்டு வைக்கவில்லை. போட்டிருந்தாலும் அந்தக் கோப்பு போனிலேயேதான் சேரும், நாமே எடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும். யாரிடமும் பிரதி இல்லை என்பதுதான் சிக்னலின் பலம். அந்த மாதம் அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கதைக்கத் தொடங்குமுன் காப்பைப் போடுங்கள்.

மற்றது சுருக்கமாக. 2024 பெப்ரவரியில் பயனர்பெயர் வந்தபிறகு இலக்கத்தைக் காட்டாமல் புதியவர்களோடு பேசலாம், ஆனால் கணக்குத் திறக்க இன்னும் தொலைபேசி இலக்கம் வேண்டும். அழைப்புத் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்கள்தான் குறைவு. அம்மா, அக்கா, சித்தப்பா மூவரும் நின்றுவிட்டார்கள். கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் அறிவிக்கப்படுகிறது, அதனால் அதையும் அழிக்கவில்லை.

2025-இல் மறைகுறியிட்ட இணையக் காப்பு வந்தது. அதன் 64 எழுத்து மீட்புச் சாவியை அம்மாவின் போனில் எடுத்து, அவ பால்காரர் கணக்கு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். நான் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தா.