சேலத்தில் ‘பி.காம். வித் சி.ஏ.’, ‘வித் ஏ.சி.சி.ஏ.’ பேக்கேஜில் சேரப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்ட் எங்கும் பேனர் ஏறிவிடும்: ‘மூன்றே வருடத்தில் டிகிரியோடு சி.ஏ.’, ‘ஒன்பது பேப்பர் விலக்குடன் ஏ.சி.சி.ஏ.’. சி.ஏ. என்பது இந்தியாவின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தகுதி, ஏ.சி.சி.ஏ. என்பது பிரிட்டிஷ் அமைப்பு தரும் கணக்கியல் தகுதி. இதை நம்பிச் சேர்ந்து ஏமாந்த பிள்ளைகளின் ரசீதுகள் எங்கள் பார்வைக்கு வந்தபடியே இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். அதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம்.

ஆத்தூர் பக்கத்து மாணவி. அட்மிஷன் அன்று ஒரே கவுன்ட்டரில் மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, எல்லாமே ‘காலேஜ் ஃபீஸ்’ என்றார்கள். வீட்டில் இருப்பதோ மூன்று தாள். முதலாவது, கல்லூரியை நடத்தும் டிரஸ்ட் பெயரில் செமஸ்டர் கட்டணம். இரண்டாவது, ‘ஸ்பெஷல் ஃபீஸ்’ என்று எழுதி சீல் மட்டும் குத்திய துண்டு, வரிசை எண்கூடக் கிடையாது. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது: 45,000 ரூபாய், ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம் 8,100, ஆக மொத்தம் 53,100.

அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பின் பாடத்திட்டத்துக்காகக் கல்லூரி வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கோச்சிங்குக்கு 18 சதவீதம் உண்டு. ஆகவே ரசீதில் அந்த 18 தலைகாட்டினால் அது கல்லூரிப் படிப்புக்கான பணம் அல்ல, கோச்சிங்குக்கான பணம். ரசீதில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவு எண்ணையும் படியுங்கள். பதினைந்து இடங்களில் முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33. இந்த ரசீதில் 29 இருந்தது, கர்நாடகா. வரியை மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பிரிக்காமல் ஐ.ஜி.எஸ்.டி. போட்டதும் அதனால்தான். ஆறாவது எழுத்து ‘சி’ என்றால் கம்பெனி, ‘டி’ என்றால் டிரஸ்ட், ‘எஃப்’ கூட்டு நிறுவனம், ‘பி’ தனிநபர். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன சென்டருக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை என்பதால், வரி இல்லாத ரசீதைப் பார்த்து அது கல்லூரியுடையதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் செமஸ்டரில், சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனுக்குப் பாடம் எடுத்தவர் வருவதை நிறுத்திவிட்டார், பதிவு செய்த வீடியோ லிங்க் மட்டும் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கல்லூரி, ‘அது கம்பெனிக்காரர்கள் வாங்கியது’ என்றது. கோச்சிங் கம்பெனி, விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டியது. கீழே அப்பாவின் கையெழுத்து.

‘மூன்று வருடத்தில் சி.ஏ.’ என்பதைக் கணக்குப் போட்டே உடைத்துவிடலாம். ஃபவுண்டேஷனுக்கு 4 மாதப் படிப்புக் காலம், இன்டர்மீடியட்டுக்கு 8 மாதம், ஆர்ட்டிகிள்ஷிப் 24 மாதம் (2023 புதிய திட்டத்துக்கு முன் மூன்று வருடம் இருந்தது), ஃபைனலுக்கு முன் 6 மாதம். எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்தாலும் 42 மாதம். ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது தனி. ஆர்ட்டிகிள்ஷிப் என்பது ஆடிட்டர் ஆபீசில் முழுநேர வேலை, அந்த நேரத்தில் ரெகுலர் கல்லூரி வகுப்பில் உட்கார முடியாது. வேறு படிப்பைச் சேர்த்துப் படிப்பதற்கு, சி.ஏ. தேர்வுகளை நடத்தும் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யிடம் 112ஆம் எண் படிவத்தில் அனுமதி வாங்கவும் வேண்டும். பேக்கேஜ் விற்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இன்னொன்று: கல்லூரிப் பட்டியலில் ‘பி.காம். சி.ஏ.’ என்று இருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். அதைச் சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி என்று நினைத்துச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. அப்படி நினைக்கட்டும் என்றே விட்டுவிடும் ஏஜென்ட்டுகளும் உண்டு.

உண்மையில் சி.ஏ.வுக்கு இந்தப் பேக்கேஜ் தேவையே இல்லை. பி.காம்.ஐ 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டருக்குப் பதியலாம். முன்னாலேயே தொடங்க ஆசை என்றால் ஃபவுண்டேஷனில் நான்கே பேப்பர்: அக்கவுன்டிங், பிசினஸ் லா, குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், எகனாமிக்ஸ். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். கடைசி இரண்டும் கொள்குறி வினா, தப்பான விடைக்குக் கால் மார்க் கழியும். ஐ.சி.ஏ.ஐ.யின் இலவச நேரலை வகுப்புகள் இருக்கின்றன, புத்தகங்களை அதன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சேலத்திலேயே ஐ.சி.ஏ.ஐ. கிளையும் இருக்கிறது. சந்தேகத்தை ஏஜென்ட்டிடம் கேட்காமல் அங்கே போய்க் கேளுங்கள்.

ஏ.சி.சி.ஏ.வில் ஏமாற்று வேறு விதம். மொத்தம் 13 பேப்பர், அதிகபட்சம் ஒன்பதுக்கு விலக்கு, அதாவது எழுதாமலே விடும் சலுகை, கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லா பி.காம்.முக்கும் கிடைப்பதில்லை. அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் வருடத்துக்கு என்ன விலக்கு என்பதை ஏ.சி.சி.ஏ. தளத்தில் இருக்கும் விலக்குக் கணிப்பானில் நீங்களே போட்டுப் பாருங்கள், நோட்டீசை நம்பாதீர்கள். விலக்கு கிடைத்தாலும் ஒவ்வொரு பேப்பருக்கும் பவுண்டில் விலக்குக் கட்டணம் உண்டு, ஆண்டுச் சந்தா தனி. இவை பேக்கேஜில் அடங்கும் என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அதைவிடப் பெரிய கேடு இது: விலக்கு வாங்கிய ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கில் குழுமக் கணக்குகளை ஒழுங்காகப் போட்டுப் பழகாத பிள்ளை, விலக்கே இல்லாத எஸ்.பி.ஆர். (ஸ்ட்ராடஜிக் பிசினஸ் ரிப்போர்ட்டிங்) பேப்பரில் திரும்பத் திரும்பத் தோற்கிறது. ‘முடித்தால் இங்கேயே ஆடிட்டர் ஆகலாம்’ என்பதும் பொய். கம்பெனிச் சட்டப்படியான ஆடிட்டில் கையெழுத்திட இந்தியாவில் சி.ஏ. வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் கல்லூரிக் கட்டணம், கோச்சிங் பணம் என்ற இரண்டு புகாரையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பு இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் முழுத் தொகை, கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி கடந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குப் பின் ஒன்றுமில்லை. முழுத் தொகையில் மட்டும் 5 சதவீதம், மிஞ்சினால் 5,000 ரூபாய், பிடிக்கலாம். யு.ஜி.சி. அந்தந்த வருடத்துக்குத் தனியாகத் தேதி அறிவித்திருந்தால் அதையும் பாருங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி.யைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தந்துவிட வேண்டும். ‘மீதி கட்டினால்தான் தருவோம்’ என்று பிடித்துவைக்க அந்த அறிவிப்பில் இடமில்லை. புகாரை யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் போடலாம்.

கோச்சிங் பணத்துக்கு வழி நுகர்வோர் சட்டம். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, விண்ணப்பத்தின் இரு பக்கமும், நோட்டீஸ், பேனர் போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல், நடந்த வகுப்புகளின் தேதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தொகையை ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தே கேளுங்கள்: அந்த மாணவிக்கு 45,000 அல்ல, 53,100.