மவுன்ட் மைக்கா: குவாரியா, சுரங்கமா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பாரிஸ் என்ற சிற்றூரை ஒட்டிய சின்னக் குன்று மவுன்ட் மைக்கா. 1820-ல் இரண்டு இளைஞர்கள் அங்கே டூர்மலின் என்ற ரத்தினக் கல்லைப் பச்சை நிறத்தில் கண்டெடுத்தார்கள். அதிலிருந்து நூறாண்டுக்கும் மேலாகக் குவாரி முறைதான். வெளிச்சம் உண்டு, கூரை இடியும் பயமில்லை. சரி, சிக்கல் எங்கே? ரத்தினங்கள் இருக்கும் பெக்மடைட், அதாவது பெரிய படிகங்களால் ஆன பாறை, சாய்த்து வைத்த பலகைபோலத் தென்கிழக்கே மண்ணுக்குள் இறங்குகிறது. தொடரத் தொடர, மேலே வெட்டி அள்ளவேண்டிய வெறும் பாறைதான் கூடும்.

2000-களில் சுரங்கம் போட்டார்கள். தண்ணீர் இறைக்கணும், விளக்கு வேணும், செலவு அதிகம். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், பாறையே வழி காட்டுகிறது: சிவப்புக் கார்னெட் மணிகள் ஒரு கோடாக ஓடும், ரத்தினப் படிகங்கள் வளர்ந்திருக்கும் பொந்துகள் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேதான். அந்தக் கோட்டைப் பிடித்தபடியே இறங்கலாம்.

எந்த முறையானாலும் பொந்து திறந்தபின் வெடிக்கு வேலையில்லை. உள்ளே நிறைந்திருக்கும் ஈரக் களிமண்ணைக் கையால் துழாவி, படிகங்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் டூர்மலின் குறுக்கே முறிந்துவிடும்.