ஆலையின் மின்செலவை யாரிடம் அளக்கக் கொடுப்பது?

சிங்கப்பூரில் கரிம வரி 2019இல் ஒரு டன் பசுங்குடில் வாயுவுக்கு 5 வெள்ளி. 2024இல் 25 ஆனது, 2026க்கு 45. ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியேற்றும் இடங்கள்தான் அதை நேரடியாகக் கட்டுகின்றன. ஆனால் மின்நிலையங்களும் அந்தக் கணக்கில் வருவதால், துவாஸ் தொழிற்பேட்டையில் முப்பது பேரை வைத்து நடத்தும் பட்டறைக்கும் அது மின்கட்டணத்தின் வழியே வந்து சேர்கிறது.

மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்ல மூன்று பேர் உண்டு. சாதனம் விற்பவர் இலவசமாகவே பார்த்துத் தருவார். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரில் மீட்டர் மாட்டி ஒரு வாரம் அளப்பார். அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பார்ப்பது கம்ப்ரஸரை மட்டும். காற்று போகும் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், 7 பார் அழுத்தத்தில் சுமார் 3 கிலோவாட் வீணாகும். இரவு பகலாக ஓடும் ஆலையில் அது ஆண்டுக்கு 26,000 யூனிட். அதை அடைக்கப் புது இயந்திரம் எதற்கு?

சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகமும் தேசியச் சுற்றுப்புற வாரியமும் 2020இல் தொடங்கிய எரிசக்திச் செயல்திறன் தொழில்நுட்ப நிலையம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது. பொறியாளர்களோடு மாணவர்களும் ஆலைக்குள் வருகிறார்கள். அமெரிக்காவில் இப்படிப் பல்கலைக்கழகங்கள் ஆலைகளை அலசுவது 1976 முதல் நடக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். விற்க அவர்களிடம் எதுவும் இல்லை. பழகிப்போன நம் கண்ணுக்குத் தப்புவது புதிதாக வரும் பிள்ளைக்குப் பட்டுவிடும். "ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லையே, இந்த பம்ப் ஏன் ஓடுகிறது?" என்று ஒரு மாணவி கேட்டால், பத்து வருட அனுபவமுள்ளவரும் யோசிக்கத்தான் வேண்டும். காற்றழுத்தத்தை 1 பார் குறைத்தாலே கம்ப்ரஸரின் மின்செலவு ஏறக்குறைய 7 விழுக்காடு இறங்கும். எப்போதோ வைத்த அழுத்தத்தை நாம்தான் தொடாமல் விட்டிருப்போம். கூடவே நடக்கும் நம் டெக்னீஷியனும் அளக்கக் கற்றுக்கொள்கிறார். எனக்கு இதுவே பெரிய லாபம்.

குறையும் உண்டு. அறிக்கை தருவார்கள், இவ்வளவு மிச்சமாகும் என்று உத்தரவாதம் தரமாட்டார்கள்.

அந்த உத்தரவாதம் வேண்டுமென்றால் எரிசக்திச் சேவை நிறுவனத்திடம் போக வேண்டும். ஆலையைக் குளிர்விக்கும் சில்லர் அமைப்பையே மாற்றும் அளவு வேலையென்றால், மிச்சத்தை அளந்து நிரூபிக்கும் ஒப்பந்தத்தோடு அவர்களிடம் கொடுப்பதே சரி. ஆண்டுக்கு 54 டெராஜூலுக்கு, அதாவது ஒன்றரைக் கோடி யூனிட்டுக்கு, மேல் செலவழிக்கும் பெரிய ஆலைகள் சட்டப்படியே எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். அவர்களுக்கு இந்த வழிதான் தோது.

நடுத்தர ஆலைக்காரர் முதலில் கழகத்தை அழையுங்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற இருவரிடமும் விலை கேளுங்கள். அழைக்கும் முன் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வையுங்கள். ஒரு ஞாயிறு இரவில், எல்லா வேலையும் நின்றபின், ஒரு மணி நேரத்துக்கு மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.