போஸ்ட்-கமிட் ஹூக்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் (SVN) மென்பொருளில், ஒரு மாற்றத்தைப் பதிந்ததும் (கமிட்) தானாக ஓடும் ஸ்கிரிப்ட்தான் போஸ்ட்-கமிட் ஹூக். அதில் "போஸ்ட்-கமிட் ஹூக் தோல்வி" என்ற எச்சரிக்கையைப் பார்த்ததும், கமிட்டே ஆகவில்லை என்று பலர் பதறுகிறார்கள். மாற்றம் அதற்குள் ரெப்போவில் (கோப்புகளின் களஞ்சியத்தில்) ஏறி, ரிவிஷன் எண்ணும் கிடைத்திருக்கும். ஹூக் என்ன எக்சிட் கோடு (ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண்) தந்தாலும் அந்தக் கமிட் ரத்தாகாது. தடுக்க வேண்டிய சோதனைகளுக்கு கமிட்டுக்கு முன் ஓடும் ப்ரீ-கமிட் ஹூக்தான் இடம்.

எக்சிட் கோடு 255, கூடவே ஒரு வரி செய்தியும் இல்லை என்றால், பெரும்பாலும் ஸ்கிரிப்ட் ஓடவே தொடங்கவில்லை. கோப்புக்கு இயக்க அனுமதி இருக்காது, முதல் வரியில் ஷெபாங் (எந்த நிரலால் ஓட்டுவது என்று சொல்லும் #! வரி) விட்டுப்போயிருக்கும், அல்லது விண்டோஸில் எழுதியதை லினக்ஸில் போட்டதால் வரி முடிவுகள் கெட்டிருக்கும்.

அதிகம் படுத்துவது சூழல் மாறிகள். சப்வெர்ஷன் ஹூக்கைக் காலியான சூழலில் ஓட்டுகிறது. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) மாறிகூட இருக்காது. டெர்மினலில் அருமையாக ஓடிய ஸ்கிரிப்ட் சர்வரில் விழுவது இதனால்தான். ரெப்போவைப் பார்வையிடும் எஸ்விஎன்லுக் (svnlook) உட்பட எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதை கொடுங்கள். சப்வெர்ஷன் 1.8 முதல் ஹூக்ஸ்-என்வ் (hooks-env) கோப்பில் மாறிகளை வைக்கலாம், ஆனால் சர்வர் கான்ஃபிகிலும் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். லோக்கேல் (மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் குறியெண்களாகச் சிதையும். சோதிக்கும்போதும் சூழலைக் காலி செய்து, சர்வர் ஓடும் அதே பயனர் கணக்கில், ரெப்போ பாதையையும் ரிவிஷன் எண்ணையும் கொடுத்து ஓட்டுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் ஓட்டிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது.

கமிட் செய்தவருக்குச் செய்தி போக வேண்டுமானால் அதை எஸ்டிடிஎர்ரில் (stderr, பிழைச் செய்திகள் போகும் வழி) எழுதி, பூஜ்யமல்லாத கோடுடன் வெளியேற வேண்டும். எஸ்டிடிஅவுட்டில் (stdout, வழக்கமான வெளியீடு போகும் வழி) எழுதுவது அவரிடம் போய்ச் சேராது.

மின்னஞ்சல், பில்டு போன்ற நீண்ட வேலைகளைப் பின்னணியில் தள்ளும்போது கட்டளையின் முடிவில் வெறும் ஆம்பர்சண்ட் (&) போதாது. எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎர்ர் இரண்டையும் லாக் கோப்புக்குத் திருப்பாவிட்டால், அந்த வேலை முடியும்வரை கமிட் செய்தவரின் திரை உறைந்தே நிற்கும்.

இன்னொரு பதிப்பு மேலாண்மை மென்பொருளான கிட்டில் (Git) கதை வேறு. அங்கே போஸ்ட்-கமிட் ஓடுவது டெவலப்பரின் கணினியில். குளோன் செய்தால் (ரெப்போவை நகலெடுத்தால்) ஹூக் அதோடு சேர்ந்து வராது. சர்வர் வேலைக்கு, அங்கே மாற்றங்கள் வந்து சேர்ந்ததும் ஓடும் போஸ்ட்-ரிசீவ் ஹூக் வேண்டும். அதற்குள்ளிருந்து வேறு ரெப்போவுக்குப் போய் புல் (pull, மாற்றங்களை இழுப்பது) செய்வதென்றால், முதலில் ரெப்போ இருக்கும் இடத்தைக் காட்டும் கிட்-டிர் (GIT_DIR) மாறியை நீக்குங்கள். இல்லையேல் "இது கிட் ரெப்போ இல்லை" என்ற பிழைதான் வரும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஏதோ ஒரு ரிவிஷனுக்கு ஹூக் தவறும். ஆகவே கடைசியாகக் கையாண்ட ரிவிஷன் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். சப்வெர்ஷனில், எஸ்விஎன்லுக் யங்கெஸ்ட் கட்டளை தரும் கடைசி ரிவிஷன் எண்ணோடு அதைக் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) வழியே ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் மறுபடி ஓட்டிவிடலாம்.