ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்கள்? அம்மாவுக்கு இடம் பார்த்த கதை

மறதி நோய் உள்ள அம்மாவை ஹோமில் சேர்த்துப் பதினாலு மாதம் ஆகிறது. இந்தப் பதினாலு மாதத்தில் சொந்தக்காரர், ஆபீஸ் நண்பர் என்று ஏழெட்டுப் பேர் போன் செய்து, "எப்படித் தேர்ந்தெடுத்தீங்க, எங்க வீட்டிலயும் இதே நிலைமைதான்" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், எனவே நடுநிலையாக எழுதுகிறேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு 76 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் தபால் துறையில் 34 வருட சர்வீஸ், கடைசியில் சப் போஸ்ட்மாஸ்டராக ரிட்டயர் ஆனார். 2021இல் நியூராலஜிஸ்ட் அல்சைமர் என்று சொன்னபோது நினைவாற்றல் சோதனையில் 30க்கு 17 வாங்கியிருந்தார். சென்னைக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பகல் முழுக்க சமாளித்துவிடலாம். சாயங்காலம் நாலு மணியானால் "கணக்கு டேலி ஆகல, பை கட்டணும்" என்று வீடு முழுக்க நடக்க ஆரம்பிப்பார். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து, "எய்யா, பை வந்தாச்சா?" என்று கதவைத் திறக்கப் போவார். மெயில் பை விடிவதற்கு முன்பே வந்துவிடும் இல்லையா, அந்தக் கடிகாரம் அவருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொழுது சாயச் சாயக் குழப்பம் கூடுவது இந்த நோயில் பலருக்கும் இருப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். அது ஆறுதலாக இருந்ததே தவிர தூக்கம் கிடைக்கவில்லை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வீட்டிலேயே ஏஜென்சி மூலம் ஆள் போடுவது, கோவைக்கு வெளியே ஒரு ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டியில் உதவியோடு வாழ்வோருக்கான பிளாக், தாம்பரத்துக்கு அப்பால் மறதி நோயாளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன ஹோம். அக்கா கோவையில் இருப்பதால் அவள் ஓட்டு இரண்டாவதுக்கு. என் மனைவியின் ஓட்டு முதலில் வீட்டுக்குத்தான் இருந்தது. அவள்தான் அதிகம் கஷ்டப்பட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் ஆள் போட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பெரும்பாலும் எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது. மாதம் 28 ஆயிரம், சாப்பாடு நம்முடையது, ஏஜென்சிக்குப் பதிவுக் கட்டணம் தனி. ஒன்பது மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள். ஒருவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும், அம்மாவுக்கோ இப்போது திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறெதுவும் ஏறாது. மாறியது கூடப் பரவாயில்லை. 24 மணி நேர ஆள் என்று ஏஜென்சி சொல்வது வீட்டிலேயே தங்குகிற ஆள் என்ற அர்த்தத்தில்தான், அவர் ராத்திரி தூங்கத்தான் செய்வார், தூங்க விடாமல் இருந்தால் அது நாம் செய்யும் பாவம். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் போட்டால் 50 ஆயிரத்தைத் தொடுகிறது. அப்படியும் மூன்று மாதம் போட்டுப் பார்த்தோம். ராத்திரிக்கு வந்த பெண் பகலில் இன்னொரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தார், பதினொரு மணிக்கெல்லாம் தலை சாய்ந்துவிடும். ஒருநாள் அம்மா தாழ்ப்பாளைத் திறந்து இரண்டு மாடி இறங்கிப் போய், வாட்ச்மேன் கூட்டிக்கொண்டு வந்து மணியடித்தார். அன்றைக்குத்தான் வெளியே இடம் தேடுவது என்று முடிவு செய்தோம்.

கோவை கம்யூனிட்டியைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. காற்று, மரம், உள்ளேயே கோயில், நடக்க வழுக்காத பாதை, பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிகள். சாப்பாடு எங்கள் வீட்டைவிட நன்றாக இருந்தது, மனைவி இதைப் படிக்கக் கூடாது. மாதம் 52 ஆயிரம், திருப்பித் தரும் டெபாசிட் ஐந்து லட்சம். சொந்தமாக வீடு வாங்கிக்கொள்ளும் திட்டமும் சொன்னார்கள். அதற்குப் பாளையங்கோட்டை வீட்டை விற்க வேண்டும், வீடு அம்மா பேரில் இருக்கிறது. பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி விற்றுவிடலாம் என்று ஒரு மாமா யோசனை சொன்னார். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்று 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவிலேயே இருக்கிறது, அம்மா நிலையில் புதிதாக எழுதி வாங்குவதும் செல்லாது. அதனால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் இப்போதுதான் மறதி ஆரம்பம் என்றால், பேங்க் அக்கவுண்ட்டை ஜாயின்ட்டாக மாற்றுவது, உயில் போன்றவற்றை டாக்டர் சர்டிபிகேட்டோடு இப்போதே முடித்துவிடுங்கள்.

எல்லோரும் காலை பதினொரு மணிக்குத்தான் இடம் பார்க்கப் போவோம். அவர்களும் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். எல்லோரும் குளித்து, விபூதி வைத்து, பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். கோவையில் விருந்தினர் அறையில் ஒருநாள் தங்கிப் பார்க்க அனுமதி உண்டு என்பதால் நான் தங்கினேன். ராத்திரி பத்தரைக்கு சும்மா நடப்பது போல அந்த பிளாக்குக்குப் போனேன். இரண்டு மாடி, 38 அறை. மேஜையில் ஒரு நர்ஸ், உதவிக்கு இரண்டு பேர். "போதுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "பெல் அடிச்சா உடனே போயிடுவோம் சார்" என்றார். பொய் சொல்லவில்லை, நான் நின்ற அரை மணி நேரத்தில் இரண்டு பெல் அடித்தது, இரண்டுக்கும் உடனே போனார்கள்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்மா பெல் அடிக்க மாட்டார். பெல் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பாத்ரூம் போக உதவி வேண்டும் என்பதே தெரியாது, எழுந்து நடந்துவிடுவார், விழுந்தபிறகும் கூப்பிட மாட்டார். அந்த பிளாக் முழுவதும் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. முழங்கால் வலி, பக்கவாதம், கண்பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மறதி நோயாளிகளுக்கும் இடம் உண்டு என்று அவர்கள் சொன்னது உண்மைதான், கீழ்த்தளத்தில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ராத்திரி தனி ஆள் இல்லை.

நைட் ரிஜிஸ்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிக் காட்டினார்கள். அந்த நான்கைந்து பேருக்கும் ஒரு வாரம் முழுக்க "நன்றாகத் தூங்கினார்" என்று ஒரே கையெழுத்து, ஒரே பேனா. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறதி நோய்க்காரர் அத்தனை பேரும் ஏழு நாளும் நன்றாகத் தூங்கினார்கள் என்றால், ஒன்று யாரும் பார்க்கவில்லை, இல்லையென்றால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எது என்று எனக்குத் தெரியாது, இரண்டும் எனக்கு வேண்டாம்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பார்த்த வேறு இரண்டு இடங்களில், ராத்திரி எழுந்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, டாக்டரிடம் சொல்லி மாத்திரை போட்டுவிடுவோம், கவலையே வேண்டாம் என்று பெருமையாகவே சொன்னார்கள். இப்படித் தரப்படும் க்வெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு உயிர் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. அதற்காக அந்த மாத்திரையே விஷம் என்று சொல்லவில்லை, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருப்பவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் தருகிறார். ஆள் குறைவாக இருக்கிறது என்பதற்காக மாத்திரை தருவதுதான் வேறு விஷயம். ராத்திரி ஆள் எண்ணிக்கையையும் மாத்திரையையும் சேர்த்தே விசாரியுங்கள்.

தாம்பரத்து ஹோம் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பழைய பங்களா, பின்பக்கம் ஷெட் போட்டு நீட்டியிருக்கிறார்கள். தோட்டம் என்று அவர்கள் சொன்னது பத்து குரோட்டன்ஸ் தொட்டி. பதினாறு பேர், எல்லோருக்கும் மறதி நோய். ஒரு அறையில் இரண்டு பேர். சாம்பார் தண்ணீர். அக்கா வாசலிலேயே முகத்தைச் சுளித்துவிட்டாள், "தம்பி, அம்மாவை இங்கேயா?" என்று.

அங்கேயும் சொல்லாமல் ராத்திரி ஒன்பதரைக்கு ஒருமுறை போனேன். கேட்டில் பத்து நிமிடம் நிற்க வைத்தார்கள், அதுவே நல்ல அறிகுறி என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே மூன்று பேர் விழித்திருந்தார்கள். பகல் வேலை பார்ப்பவர்கள் வேறு, இவர்கள் வேறு. அறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வாசல் கேட் மட்டும் பூட்டு. நடக்க வேண்டும் என்றால் நடைபாதை சுற்றி மறுபடி ஹாலுக்கே வந்துவிடும். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி யாராவது எழுந்தால் பால் காய்ச்சித் தருவார்களாம். ரிஜிஸ்டர் கேட்டேன், உடனே எடுத்துக் கொடுத்தார்கள். கோழிக்கிறுக்கல் எழுத்து, ஆனால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. ஒருவர் அழுதிருக்கிறார், ஒருவர் படுக்கையை நனைத்திருக்கிறார், ஒருவர் மகனைக் கேட்டிருக்கிறார். எதுவும் நன்றாக இல்லை, எல்லாமே எழுதியிருந்தது. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மாதம் 58 ஆயிரம், டயப்பர் தனியாக நாலாயிரம் போல ஆகிறது, அட்வான்ஸ் இரண்டு மாதம்.

முதல் மாதம் கொடுமை. அம்மா மூன்று கிலோ இளைத்தார், என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், அக்கா போனில் பேசவில்லை. இதை மறைத்து எழுதினால் நீங்கள் சேர்த்த முதல் வாரத்திலேயே திரும்பக் கூட்டி வந்துவிடுவீர்கள். இரண்டாவது மாதம் ராத்திரி ஆயா ஒருவர், விழுப்புரத்துக்காரர், அம்மா பை கேட்பதை என்னிடம் விசாரித்தார். நான் தபால் ஆபீஸ் கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது ரிஜிஸ்டரில் இப்படி இருந்தது: "2.10 எழுந்தார். பை கேட்டார். பழைய கவர் கொடுத்தோம். அடுக்கினார். பால். 2.50 படுத்தார்." வீட்டில் நாங்கள் இரண்டு வருடம், "அம்மா, நீ ரிட்டயர் ஆயிட்டம்மா" என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

எட்டாவது மாதம் அதே ரிஜிஸ்டர் வேறொரு விதத்தில் உதவியது. அடுத்தடுத்து இரண்டு ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருந்தார், குழப்பமும் அதிகம். நோய் முற்றுகிறது என்று நான் நினைத்தேன். அங்கிருந்த நர்ஸ் சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். இன்ஃபெக்‌ஷன். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே இப்படித் திடீர்க் குழப்பமாக வெளிப்படுமாம். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். "நன்றாகத் தூங்கினார்" என்று எழுதும் இடத்தில் இது எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும்?

குறைகளும் உண்டு. ஜிஎஸ்டி ரோட்டில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு. டாக்டர் வாரம் ஒருமுறைதான். ஒரே ஒரு அம்மையார் நடத்துகிற இடம், அவருக்கு முடியாமல் போனால் என்ன என்ற பயம் எனக்கு இருக்கிறது. கம்யூனிட்டி மாதிரி பெரிய நிர்வாகம் பின்னால் இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கென்றே நடக்கும் இடங்கள் கொஞ்சம்தான், நாங்களே நாலு மாதம் காத்திருந்துதான் இடம் கிடைத்தது. காத்திருக்கும்போது அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மாதிரி, மறதி நோய்க்குத் தனிப் பிரிவு உள்ள இடத்தில் ஒருமுறை போய்ப் பேசிவிடுங்கள், நாங்கள் அதைத் தாமதமாகத்தான் செய்தோம்.

ஆயுள் சான்றுக்கு அலைய வேண்டுமே என்று பயந்திருந்தேன். தபால்காரரே வீட்டுக்கு வந்து டிஜிட்டலாக எடுத்துக்கொள்கிறார், 70 ரூபாய். நவம்பரில் ஹோமுக்கு வந்தவரைப் பார்த்து அம்மா, "பை கட்டியாச்சா?" என்று அதிகாரமாகக் கேட்டார். அவரும் சளைக்காமல் "கட்டியாச்சு மேடம்" என்றார்.

அக்கா இன்னும் கோவைதான் சரி என்கிறாள், அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா உயிரோடு இருந்து, இருவரையும் ஒன்றாக அனுப்ப வேண்டியிருந்தால், அல்லது அம்மாவுக்கு ஆரம்ப நிலை மட்டும் என்றால், நானே அங்கே அனுப்பியிருப்பேன். கை ஓங்கி அடிக்கும் நிலையில் உள்ள ஆண்களை இந்தச் சின்ன ஹோம் எப்படிச் சமாளிக்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை, இப்போதுள்ள பதினாறு பேரில் பதிமூன்று பேர் பெண்கள். அம்மா இன்னும் நடக்கிறார். படுக்கையில் விழுந்தபின் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன்: மூக்கு வழி உணவுக் குழாய் வரை சரி, ஆக்சிஜன் தொடர்ந்து தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி. அந்த வரியை அவர்கள் எவ்வளவு காப்பாற்றுவார்கள் என்பது அப்போதுதான் தெரியும். கோவையில் இடம் பிடித்து வைக்கக் கட்டிய பத்தாயிரத்தை, கேட்ட மூன்றாவது வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.