ரவுட்டரைக் கழற்றினாலும் 12,000 ஆர்பிஎம் காட்டும் ஸ்பீடு கன்ட்ரோலர்: வாங்கிவிடாதீர்கள்

வீட்டிலேயே சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் வெட்டும் மெஷின்) கட்டி, ஸ்பிண்டிலுக்கு (அதற்கென்றே வரும் வெட்டு மோட்டாருக்கு) பதிலாக, மரத்தின் ஓரம் சீவ ஆசாரிகள் வைத்திருக்கும் ட்ரிம்மர் ரவுட்டரைப் பூட்டி ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘சிஎன்சி ரவுட்டர் ஸ்பீடு கன்ட்ரோலர், க்ளோஸ்டு லூப், டிஜிட்டல் ஆர்பிஎம் டிஸ்ப்ளே’ என்று சொல்லி கோயம்புத்தூரில் ஒரு கடையில் எனக்கு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியை விற்றார்கள். விலை 4,500 ரூபாய். க்ளோஸ்டு லூப் என்றால் வேகத்தை அளந்து தானே சரிசெய்துகொள்வது. அதில் அது கிடையாது. வேகத்தை அளக்கும் பாகம் எதுவுமே உள்ளே இல்லை. போதாததற்குப் பெட்டியின் உடம்பிலேயே கரண்ட் வந்துகொண்டிருந்தது. என் ட்ரிம்மரின் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் காயில் பாகம்) கருகியது, என் மச்சானுக்கு ஷாக் அடித்தது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரிப் பெட்டி வேறு பெயரில், வேறு நிறத்தில் உங்கள் கைக்கு வரலாம் என்பதால் அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பது. என்னிடம் இருப்பது 550 வாட் ட்ரிம்மர். வேகத்தை மாற்றும் டயல் இல்லாத வகை. சுவிட்சைப் போட்டால் நேராக 33,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. பிளைவுட்டில் ஓரம் சீவும் ஆசாரிக்கு அது சரி. ஆனால் பெயர்ப்பலகைக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வெட்டும்போது அதே வேகம் தொல்லை. என் மெஷின் நிமிடத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் ஓடினால் நடுங்கும். ஒற்றை ஃப்ளூட் பிட் (ஒரே வெட்டு விளிம்பு உள்ள அலகு) போட்டாலும் 33,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 0.045 மில்லிமீட்டர்தான் சீவும். அவ்வளவு மெல்லிய தூள் சூட்டை வெளியே கொண்டுபோகாது. அக்ரிலிக் உருகிப் பிட்டைச் சுற்றிக்கொள்ளும். அதே ஃபீடில் (மெஷின் நகரும் வேகத்தில்) 15,000 ஆர்பிஎம்முக்கு இறக்கினால் ஒரு சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் கிடைக்கும், சீவல் சீவலாக விழும். ஆகவே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், அதுவும் லோடு ஏறும்போது வேகம் விழாமல்.

இந்த இரண்டாவது தேவைதான் விஷயமே. ட்ரிம்மரில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். ஒரு ட்ரையாக்கை (ஏசி கரண்ட்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்சை) வைத்து, ஏசி அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும், அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, கரண்ட்டைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்துவிட்டால் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் குறையும், வேகமும் குறையும். சில வகை மின்விசிறி ரெகுலேட்டர்களும் மிக்ஸியை மெதுவாக்கும் டிம்மரும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இப்படிக் குறைத்த மோட்டாருக்குத் தாங்கும் சக்தி கிடையாது. பிட் மரத்துக்குள் இறங்கியதும் வேகம் தொப்பென்று விழும், வெளியே வந்ததும் எகிறும். சிஎன்சிக்கு அது ஆகாது. மெஷின் அதே ஃபீடில் தள்ளிக்கொண்டே போகும், பிட் ஒடியும். இதைத் தடுக்க ஷாஃப்ட்டின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல வேண்டும். அது குறையும்போதெல்லாம் கன்ட்ரோலர் ட்ரையாக்கை முன்னதாகத் திறக்க வேண்டும். வாஷிங் மெஷின் மோட்டார்களில் டிடிஏ1085 என்ற ஐசி பல காலமாகச் செய்துவரும் வேலை இது. க்ளோஸ்டு லூப் என்பது இதைத்தான்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் விளக்கமாகவே சொன்னேன். “ஏனுங் தம்பி, இது சிஎன்சிக்குன்னே பண்ணதுங்க. லோடு எவ்வளவு ஏறினாலும் ஆர்பிஎம் இறங்காதுங்க. உள்ளேயே ஃபீட்பேக் இருக்குது, பாருங்க டிஸ்ப்ளே” என்றார். சென்சாருக்கு வயர் எங்கே என்று கேட்டேன். மோட்டாரின் கரண்ட்டை வைத்தே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று பதில் வந்தது. கரண்ட்டை அளந்து ஓரளவு ஈடுகட்டும் சர்க்யூட்டுகள் உண்மையிலேயே உண்டு, பொய் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது. அப்படி ஈடுகட்ட முடியுமே தவிர, எந்த மோட்டார் என்றே தெரியாமல் நூறு ஆர்பிஎம் அளவுக்குத் துல்லியமாக டிஸ்ப்ளேயில் காட்ட முடியாது. பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். அந்தப் பதிவு பிறகு பெரிய உதவியாக இருந்தது.

பூட்டிய அன்றே ட்ரிம்மரின் சத்தம் ஒரே சீராக இல்லை. டிஸ்ப்ளே 12,000 என்று அசையாமல் நின்றது. சத்தமோ பிட் இறங்கும்போது அடங்கி, ஏறும்போது கூவியது. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் லேசர் டாக்கோமீட்டர் (சுற்றும் வேகத்தை அளக்கும் கருவி) வாங்கி வந்து, பிட்டைப் பிடிக்கும் கொல்லட் நட்டில் பளபளப்பு டேப்பை ஒட்டி அளந்தேன். டிஸ்ப்ளேயில் 12,000. பிட் காற்றில் சுற்றும்போது டாக்கோவில் 20,000-க்கு மேல். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டும்போது 8,000-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே மட்டும் கடைசிவரை அதே 12,000. வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “உங்க டாக்கோ தப்புங்க தம்பி, நம்ம மெஷின் க்ளோஸ்டு லூப், அது மாறாதுங்க” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வேகம் தாறுமாறானது ஒருபக்கம் என்றால், மெஷின் நடுவழியில் நிற்பது இன்னொரு பக்கம். நான் ஓட்டுவது ஆர்டுயினோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற சிஎன்சி மென்பொருள். பெட்டியின் வேகத் திருகை (நாப்) பாதிக்குக் கீழே இறக்கினால் ‘அலாரம் 1’ வரும். மெஷினின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்சை ஏதோ தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் எதுவும் தொட்டிருக்காது. சில நேரம் யூஎஸ்பி இணைப்பே அறுந்துபோகும். காரணம் இது: ட்ரையாக் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வயரில் ஒரு மின்னிரைச்சல் கிளம்பும். அதை அமுக்க ஒரு சோக்கும் எக்ஸ்2 வகைக் கபாசிட்டரும் போட வேண்டும். பின்னால் பெட்டியைத் திறந்தபோது போர்டில் அந்த இரண்டுக்குமான இடம் அச்சிடப்பட்டு வெறுமையாக இருந்தது.

பிறகு எம்டிஎஃப் பலகையில் ஒரு ஜாலி வேலை. குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது வார்னிஷ் கருகும் நெடி, கொஞ்சம் புகை, ட்ரிம்மர் நின்றுவிட்டது. ட்ரிம்மரைக் குளிர்விக்கும் விசிறி அதே ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது. வேகம் 8,000-க்கு விழுந்தால் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். லோடால் கரண்ட் ஏறும். டிஸ்ப்ளே உண்மையைக் காட்டியிருந்தால் அந்த வேகத்தில் யாரும் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ட்ரிம்மர் செத்துக் கிடக்கிறது, பெட்டியில் அப்போதும் 12,000. பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். வெறும் பெட்டி, அதில் எதுவும் செருகப்படவில்லை. 12,000. திருகைத் திருப்பினேன்: 18,000, 24,000, 30,000. திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் அந்த டிஸ்ப்ளே ஆயிரக்கணக்கில் எழுதிக் காட்டியிருக்கிறது. மோட்டாருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. பெட்டியை எடுத்து வைக்க வந்த மச்சான் ஒரு கையால் மெஷின் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டியைத் தொட்டார். கத்தினார். அதே நொடியில் வீடு முழுக்கக் கரண்ட் போனது. மெஷின் ஃபிரேம் எர்த் ஆகியிருந்தது. வீட்டில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருந்ததால் அது விழுந்து அவரைக் காப்பாற்றியது. ஆர்சிசிபி இல்லாத பட்டறைகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கையாலும் சர்க்யூட்டை மூடினால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு அவர் முன்னால் பெட்டியைத் திறந்தோம், வீடியோவுடன். மெயின் கார்டு மூன்று வயர் கொண்டதுதான். ஆனால் பச்சை எர்த் வயரை உள்ளே வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ட்ரையாக்கின் மேல் பிடிஏ16 என்று எழுதியிருந்தது. பிடிஏ வகையில் பின்பக்க உலோகத் தகடு உள்ளேயே இன்சுலேட் செய்யப்பட்டிருக்கும், இரும்பில் நேராகத் திருகலாம். பிடிபி வகையில் அந்தத் தகடு நடுக்காலோடு ஒட்டியது. மைக்கா ஷீட் இல்லாமல் திருகவே கூடாது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் சோதனையில்) வைத்துத் தகட்டையும் நடுக்காலையும் தொட்டதும் பீப் அடித்தது. எழுத்து ஒன்று, உள்ளே சரக்கு வேறு. கரண்ட் வரும் ஃபேஸ் வயர் போவது நேராக அந்த நடுக்காலுக்கு. ட்ரையாக் திருகப்பட்டிருப்பது நேராகப் பெட்டியின் இரும்பில். பெட்டி முழுக்க 230 வோல்ட்.

அண்ணன் சொன்ன ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. எர்த் வயரைப் பெட்டியில் கட்டியிருந்தால் பிளக் போட்டதுமே எம்சிபி விழுந்திருக்கும், கடையிலேயே குட்டு உடைந்திருக்கும். அதை வெட்டி டேப் சுற்றியவருக்கு எதற்காக வெட்டுகிறோம் என்பது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடைக்குப் போனேன். “சீல் ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குதுங்க, வாரண்டி போச்சு” என்றார். ஷாக் அடித்ததைச் சொன்னால், “உங்க வீட்டு எர்த்திங்கைப் பாருங்க” என்றார். வெறும் பெட்டி 30,000 ஆர்பிஎம் காட்டுவதை அவர் மேசையிலேயே போட்டுக் காட்டினேன், கையுறையுடன். பக்கத்தில் நின்ற வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு அவர் பேசவில்லை. ‘முதலாளி ஊரில் இல்லை’ என்று பையன்தான் பேசினான்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் 1915-இல் பதிவு செய்து, ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, வாய்ஸ் மெசேஜ், டாக்கோ வீடியோ நான்கையும் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது: அதே பெட்டியில் வேறொன்று தருகிறார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டியின் விலையும் ஆர்மேச்சர் மாற்றிய 1,400 ரூபாயும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

வேகக் கட்டுப்பாடு தேவைப்படுபவர்களுக்கு என் கருத்து: வேகம் மாறாத ட்ரிம்மரோடு மல்லுக்கட்டுவதைவிட, டயலும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலும் உள்ளேயே வைத்து வருவதை வாங்குங்கள். மகிடா ஆர்டி0700சி 710 வாட், 10,000 முதல் 30,000 ஆர்பிஎம் வரை. லோடிலும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் சர்க்யூட் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட ட்ரிம்மரை வெளி டிம்மரில் செருகவே கூடாது, உள்ளிருக்கும் போர்டு கெடும். வேலை கூடுதலாக இருந்தால் விஎஃப்டியோடு (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஸ்பிண்டில் போடலாம்; 400 ஹெர்ட்ஸில் 24,000 ஆர்பிஎம், பிரஷ் கிடையாது, சத்தமும் குறைவு. செலவு பல மடங்கு, அதில் சந்தேகமில்லை. இருக்கிற ட்ரிம்மரையே வைத்து ஓட்ட வேண்டும் என்றால், ஷாஃப்ட்டைப் பார்க்கும் ஆப்டிகல் சென்சாரும் அதற்குத் தனி வயரும் உள்ள கன்ட்ரோலர் மட்டும்.

கடையில் வைத்தே சோதிக்க ஒரு நிமிடம் போதும். எதையும் செருகாமல் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். டிஸ்ப்ளே பூஜ்யம் காட்ட வேண்டும். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் பெரிய பின்னுக்கும் பெட்டியின் பெயின்ட் இல்லாத திருகுக்கும் இடையே கன்டினியூட்டி பார்க்கச் சொல்லுங்கள். பீப் அடிக்க வேண்டும். இதற்கு மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியை இரும்பு ஃபிரேமில் பூட்டியிருந்தால் இன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சீல் ஸ்டிக்கரை நன்றாகப் போட்டோ எடுத்த பிறகு, எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துத் திறந்து பாருங்கள். உள்ளே எர்த் வயர் வெட்டப்பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், படங்களைப் புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.